தாயின் மார்பும் ஒரு சிகிச்சையே: குறைமாதக் குழந்தைகளைப் பற்றிச் சில விளக்கங்கள்





குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்புக்கு உதவி செய்கிற நண்பர்கள் பலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "இந்தச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இன்குபேட்டர் வேண்டும், ஆக்ஸிஜன் வேண்டும், மருந்து வேண்டும் என்றால் புரிகிறது. ஆனால் தாய்க்கு ஒரு சாய்வு நாற்காலி, தாய்க்கு ஒரு கட்டில், தாய்க்குச் சாப்பாடு என்று ஏன் கேட்கிறீர்கள்? அது குழந்தையின் சிகிச்சையில் எப்படிச் சேரும்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விரிவாகப் பதில் சொல்லவே இம்முறை இந்தப் பக்கங்களைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயை விட்டுப் பிரிந்து, குளிரிலும் வெளிச்சத்திலும் ஊசி வலியிலும் தனியே கிடக்கும்போது, அதன் சரீரத்தில் உண்டாகும் மாற்றங்களை இரத்தத்திலும் உமிழ்நீரிலும் அளந்து பார்க்க முடியும். அந்தக் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்து அணைத்து வைத்தால் அந்த மாற்றங்கள் தணிகின்றன, பால் கிடைக்கிறது, கிருமித் தொற்று குறைகிறது, உயிரும் பிழைக்கிறது. ஆகவே குழந்தைகள் வார்டில் தாய் ஒரு பார்வையாளர் அல்ல. அவரே சிகிச்சையின் ஒரு பாகம்.

குறைமாதம் என்பது என்ன?

தாயின் கர்ப்பகாலம் சுமார் 40 வாரங்கள். 37 வாரங்கள் முடிவதற்குள் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கணக்கிட்டுள்ளன. அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் நம் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை.

நம் பகுதிக் கிராமங்களில், "ஏழாம் மாசத்துப் பிள்ளை பொழைச்சிக்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது உண்மையல்ல. கர்ப்பப்பையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இந்தப் பழைய நம்பிக்கையால் சில வீடுகளில் எட்டு மாதக் குழந்தையைப் பற்றி முன்கூட்டியே கையை விரித்துவிடுகிறார்கள். தயவுசெய்து உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பதறும் உடம்பில் நடப்பது

இருட்டில் பாம்பைக் கண்டால் நமக்கு என்ன ஆகிறது? நெஞ்சு படபடக்கிறது, கைகால் சில்லிடுகிறது, மூச்சு வேகமாகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் என்ற சுரப்பிகள் அந்த நொடியில் அட்ரினலின் முதலிய ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகின்றன. சற்று நேரத்தில் மூளையின் கட்டளைப்படி கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் அதே சுரப்பிகளிலிருந்து வருகிறது. இவற்றையே டாக்டர்கள் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் என்கிறார்கள். ஓடவோ எதிர்த்து நிற்கவோ தேவையான சர்க்கரையையும் இரத்த ஓட்டத்தையும் இவை சரீரத்துக்குக் கொடுக்கின்றன.

இந்த ஹார்மோன்கள் தீயவை என்று எண்ணிவிடக்கூடாது. பிரசவம் நெருங்கும் வாரங்களில் சிசுவின் உடம்பில் கார்ட்டிசால் இயற்கையாகவே கூடுகிறது; நுரையீரல் முதிர அதுவே துணை செய்கிறது. 1972ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டு டாக்டர்கள் லிக்கின்ஸ், ஹௌவி இருவரும், குறைமாதத்தில் பிரசவமாகும் நிலையில் இருக்கும் தாய்க்கு இதே வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் மூச்சுத் திணறல் குறைகிறது என்று காட்டினார்கள். இன்று அந்த ஊசி உலகமெங்கும் போடப்படுகிறது. நம் நாட்டில் 2014ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்பே கிராம சுகாதார நர்ஸும் முதல் ஊசியைப் போடலாம்.

அளவுக்கு மீறி நாள் முழுவதும் சுரப்பதுதான் கெடுதல். கர்ப்பப்பையில் சிசுவுக்கு இதமான சூடு, மங்கிய வெளிச்சம், தாயின் இதயத்துடிப்பின் ஓசை, தாயின் குரல் எல்லாம் இருந்தன. தாயின் கார்ட்டிசால் பெருமளவில் உள்ளே போய்விடாதபடி நஞ்சுக்கொடி அதைச் செயலிழக்கச் செய்து காத்துக்கொண்டிருந்தது. 30 வாரத்தில் பிறந்த குழந்தை இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்துவிடுகிறது. 1 கிலோ 200 கிராம் எடையுள்ள அந்தச் சரீரத்தில் கொழுப்பு மிகக் குறைவு. சேமித்து வைத்த சர்க்கரையும் குறைவு. இந்நிலையில் குழந்தை பதறிக்கொண்டே இருந்தால் இதயம் வேகமாக அடிக்கிறது, ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது, வளர்ச்சிக்குப் போகவேண்டிய பால் வெறும் பதற்றத்துக்கே செலவாகிவிடுகிறது. "பால் குடிக்குது, ஆனா எடை ஏறலையே" என்று தாய் கவலைப்படும்போது இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வலி தெரியாது என்று நினைத்த காலம்

பச்சைக் குழந்தைக்கு, அதுவும் குறைமாதக் குழந்தைக்கு, நரம்புகள் முதிராததால் வலி அவ்வளவாகத் தெரியாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1980களில்கூடக் குறைமாதக் குழந்தைகளுக்கு இதயத்தின் அருகில் அறுவை சிகிச்சை செய்யும்போது அசையாமல் இருக்க ஒரு மருந்தும், லேசான மயக்க வாயுவும் மட்டுமே கொடுத்து வந்தார்கள். பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல வலி தணிக்கும் மருந்து கொடுக்க அஞ்சினார்கள்.

இந்தூரில் மருத்துவம் படித்து, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற நம் நாட்டு டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த் இதை ஆராய்ந்தார். இத்தகைய அறுவை சிகிச்சையில் சில குழந்தைகளுக்கு ஃபென்டனில் என்ற வலி தணிக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, மற்றவர்களுக்கு வழக்கப்படி செய்து, இரு சாராரின் இரத்தத்திலும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்களை அளந்தார். வலி மருந்து பெறாத குழந்தைகளின் இரத்தத்தில் அவை மிக அதிகமாக இருந்தன. அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987ஆம் ஆண்டு இந்த ஆய்வு வெளிவந்தபின் உலகமெங்கும் வழக்கம் மாறியது. வாய் திறந்து சொல்ல முடியாத குழந்தையின் வலிக்கு அதன் இரத்தமே சாட்சி சொல்லிற்று.

அறுவை சிகிச்சை இல்லாத குழந்தைக்கும் வலி உண்டு. இரத்தப் பரிசோதனைக்குக் குதிகாலில் குத்துவது, குளுக்கோஸ் ஏற்ற நரம்பில் ஊசி ஏற்றுவது, மூக்குக் குழாய் போடுவது, பிளாஸ்டரைப் பிய்ப்பது இவை எல்லாம் அன்றாடம் நடப்பவை. பிரான்சில் பாரிஸ் பகுதியின் தீவிர சிகிச்சை வார்டுகளில் 430 குழந்தைகளைக் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, வார்டில் சேர்க்கப்பட்ட முதல் இரண்டு வாரங்களில் ஒரு குழந்தை நாளொன்றுக்குச் சுமார் 10 முறை வலியுண்டாக்கும் காரியங்களுக்கு உட்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை வலியைத் தணிக்கத் தனியாக எதுவும் செய்யாமலே நடந்தன. வசதி மிகுந்த நாட்டிலேயே நிலைமை இதுதான்.

நர்ஸின் கையில் இருக்கிற சிகிச்சை

இங்கேதான் நர்ஸின் பராமரிப்பு உயிர்நாடியாகிறது. அமெரிக்காவில் ஹைடலிஸ் ஆல்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1980களில் ஒரு முறையை வகுத்தார். குழந்தையே தன் உடம்பால் பேசுகிறது, அதைப் படித்து அதற்கேற்பப் பராமரிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

விரல்களை விரித்து நீட்டுவது, முதுகை வில்போல் வளைப்பது, அடிக்கடி விக்குவது, கொட்டாவி விடுவது, தும்முவது, நிறம் மாறுவது, முகத்தின்முன் கையை உயர்த்தி மறைப்பது ஆகியவை "போதும், என்னால் தாங்க முடியவில்லை" என்பதன் அடையாளங்கள். கையை வாயருகே கொண்டுபோவது, விரலைப் பிடித்துக்கொள்வது, முகம் தளர்ந்து தூங்குவது ஆகியவை "நான் அமைதியாக இருக்கிறேன்" என்பதன் அடையாளங்கள்.

இதை அறிந்த நர்ஸ் என்ன செய்வார்? நாப்கின் மாற்றுவது, சூடு பார்ப்பது, பால் கொடுப்பது ஆகியவற்றை முடிந்தவரை ஒன்றாகச் செய்துவிட்டு, இடையில் குழந்தையைத் தூங்க விடுவார். இன்குபேட்டரின் கதவை 'டப்' என்று சாத்தமாட்டார்; அதன்மேல் நோட்டையும் பாட்டிலையும் வைக்கமாட்டார். மேலே ஒரு துணியைப் போட்டுக் கண்ணில் வெளிச்சம் படாமல் மறைப்பார். சுத்தமான துணியைச் சுருட்டிக் குருவிக்கூடுபோல் சுற்றிலும் வைத்து, கைகால்கள் மடங்கியபடி படுக்க வைப்பார். ஊசி போடும்போது இன்னொருவர் தலையையும் கால்களையும் இரு கைகளால் மெல்ல அணைத்துப் பிடித்துக்கொள்வார். கனடாவில் செலஸ்ட் ஜான்ஸ்டன் என்ற நர்ஸ் பேராசிரியை, குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்பில் வைத்தபடியே குதிகாலில் குத்தினால் வலியின் அறிகுறிகள் குறைகின்றன என்று 2003இல் காட்டினார். இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பயிற்சி பெற்ற கைகளும், அவசரப்படாமல் வேலை செய்யப் போதுமான நர்ஸுகளும் தேவை.

கதவு திறந்த கதை

சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்குள் தாய்க்கு அனுமதி இல்லை. கிருமி வந்துவிடும் என்ற பயமே காரணம். தாய் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற இரு குழந்தை மருத்துவர்கள் தாய்மாரை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பயந்தபடி கிருமித் தொற்று பெருகவில்லை. தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசப் பிணைப்பு உண்டாவதைப் பற்றி அவர்கள் 1976இல் எழுதிய நூல் பல நாடுகளில் மருத்துவமனைக் கதவுகளைத் திறந்துவிட்டது.

இதில் ஒரு ஆறுதலையும் சொல்லவேண்டும். முதல் சில மணி நேரத்தில் தொடாவிட்டால் பாசமே வராது என்று சிலர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். அப்படியல்ல. மனிதப் பாசம் பசைபோல ஒரு நொடியில் ஒட்டுவதோ, தவறினால் என்றைக்கும் ஒட்டாமல் போவதோ இல்லை. மூன்றாம் வாரத்தில் முதல்முறையாகக் குழந்தையைத் தூக்கும் தாயும் முழுத் தாயே. ஆனாலும் பிரிவு நீள நீளத் தாய்க்குப் பால் குறைகிறது, பயம் கூடுகிறது, "இது என் குழந்தைதானா?" என்ற அந்நியமும் வருகிறது. தாயின் பதற்றமே பால் இறங்குவதைத் தடுக்கும். குழந்தையை மார்பில் வைக்கும்போது தாயின் உடம்பில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பாலை இறக்கிவிடுவதும், மார்பைச் சூடாக வைப்பதும், மனதைச் சாந்தப்படுத்துவதும் அதுவே.

போகோட்டாவிலிருந்து டில்லி வரை

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் போகோட்டா. அங்குள்ள ஏழைகளின் பிரசவ மருத்துவமனை ஒன்றில் 1978ஆம் ஆண்டு இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்ததால் தொற்று பரவிற்று. டாக்டர் எட்கர் ரே சனாப்ரியாவும், 1979இல் அவரோடு சேர்ந்த டாக்டர் ஹெக்டர் மார்ட்டினஸும், குழந்தையைத் தாயின் இரு மார்புகளுக்கிடையே தோலோடு தோலாக நிமிர்த்திப் படுக்கவைத்து, துணியால் கட்டி, தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் செய்தார்கள். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல் இருந்ததால் இதற்குக் கங்காரு தாய் பராமரிப்பு என்று பெயர் வந்தது.

இல்லாமையினால் பிறந்த இந்த முறை, இன்குபேட்டருக்கு ஏழை வீட்டு மாற்று என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால் ஆராய ஆராய அதன் நன்மைகள் தெரியவந்தன. குழந்தை குளிர்ந்தால் தாயின் மார்பு தானாகவே சூடேறுகிறது. குழந்தை சூடானால் அது தணிகிறது. இரட்டைக் குழந்தைகளைச் சேர்த்து வைத்தால் ஒவ்வொரு மார்பும் தன்மேல் இருக்கும் குழந்தைக்கு ஏற்பத் தனித்தனியே சூட்டை மாற்றிக்கொள்கிறது!

இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் என்ற ஆராய்ச்சியாளர், தாயின் மார்பில் தினம் ஒரு மணி நேரம் வீதம் 14 நாட்கள் வைக்கப்பட்ட 73 குறைமாதக் குழந்தைகளையும், இன்குபேட்டரில் மட்டும் வளர்ந்த 73 குழந்தைகளையும் பத்து வயதுவரை பின்தொடர்ந்தார். பத்து வயதில், முன்னவர்களின் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏற்றம் மட்டாக இருந்தது. தூக்கம் ஒழுங்காக இருந்தது. மனதைக் கட்டுப்படுத்தும் திறனும் மேலாக இருந்தது. 2014இல் இது வெளியாயிற்று. சிறிய ஆய்வுதான், ஆனாலும் 14 மணி நேர அணைப்பின் பலன் பத்து வருடம் கழித்தும் தெரிந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

எல்லாவற்றிலும் பெரிய சாட்சி 2021ஆம் ஆண்டு வந்தது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளிலும், நம் டில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையிலும், 1 கிலோவுக்கும் 1 கிலோ 800 கிராமுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் சேர்த்தார்கள். ஒரு சாராருக்கு நிலைமை சீரானபின் கங்காரு பராமரிப்பு என்ற வழக்கமான முறை. மற்றொரு சாராருக்குப் பிறந்தவுடனேயே, தீவிர சிகிச்சை நடக்கும்போதே தாயின் மார்பில் இடம். இதற்காகத் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சை வார்டுக்குள் கொண்டுவந்தார்கள். வழக்கமான முறையில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.7, உடனே தாயோடு சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 12. அதாவது சுமார் 27 குழந்தைகளை இப்படிப் பராமரித்தால் ஒரு உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்தவுடனேயே இந்த அணைப்பைத் தொடங்கி, நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம்வரை கொடுக்கலாம் என்று அறிவித்தது. தானாக மூச்சுவிட இயலாமல் வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தைக்கு உடனே தொடங்குவது பொருந்தாது.

"தாயை உள்ளே விட்டால் கிருமி வருமே" என்ற பழைய பயத்துக்கும் நம் நாட்டிலேயே பதில் கிடைத்தது. டில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் குடும்பத்தாருக்குக் கைகழுவவும் பராமரிக்கவும் கற்றுக்கொடுத்து உள்ளே அனுமதித்தபோது தொற்று கூடவில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடிற்று. 2017இல் மத்திய அரசு இம்முறைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே

இனி நம் பகுதிக்கு வருவோம். விழுப்புரத்துக்குச் சற்று வடக்கே, நெடுஞ்சாலை ஓரம் முண்டியம்பாக்கத்தில் 2010ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்கிவருகிறது. அங்கே பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு உண்டு. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை உண்டு. இரண்டு ஊர்களுக்கும் எட்டும் தூரத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. முன்னாளைப்போல் சென்னை எழும்பூருக்கு ஓடவேண்டிய நிலை இன்று பெரும்பாலும் இல்லை. இதற்காக நாம் நன்றியோடு இருக்கவேண்டும்.

ஆனாலும் ஒரு சிக்கல் மீதி நிற்கிறது. மயிலம் பக்கத்துக் கிராமத்தில் கரும்பு வெட்டும் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 31ஆம் வாரத்தில் வலி வந்து, அருகிலுள்ள ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் மூலம் குழந்தை பிறக்கிறது. குழந்தைக்கு மூச்சு சரியில்லை. 108 ஆம்புலன்ஸில் குழந்தை முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ போகிறது. கூடப் போகிறவர் அப்பாவோ மாமியாரோதான். தாய் தையல் போட்ட வயிற்றோடு பிறந்த இடத்திலேயே படுத்திருக்கிறார். முப்பது நாற்பது கிலோமீட்டர் தூரம் அன்றைக்கு அவருக்கு ஒரு கடலாகிவிடுகிறது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "பச்சை ஒடம்புக்காரி, பஸ்ஸுல அலையக்கூடாது, காத்து கருப்பு அடிச்சிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். பத்தியம் என்று தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கிறார்கள். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கணவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். பாலைப் பீய்ச்சி எடுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை; பத்து நாளில் பால் வற்றத் தொடங்குகிறது. அவர் ஒருவழியாக வார்டுக்கு வந்து சேரும்போது குழந்தை பவுடர் பாலுக்குப் பழகியிருக்கலாம். கிருமித் தொற்றும் கண்டிருக்கலாம். பாசம் இல்லாத தாய் என்று அவரைச் சொல்ல முடியுமா? பாதை இல்லாத தாய் அவர்.

இந்தப் பாதையை எப்படி அமைப்பது? முடிந்தால், பிரசவத்துக்கு முன்பே, ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுத் தாயையே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவது மிகச் சிறந்தது. குறைமாதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது. குழந்தை பிறந்துவிட்டால், தாய் எழுந்து உட்காரும் நிலை வந்ததும் அவரையும் அதே மருத்துவமனைக்கு மாற்றவேண்டும். அதுவரை கைகளால் பாலைப் பீய்ச்சி, 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது எடுத்து, குழந்தைக்கு அனுப்பலாம். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு அதை நர்ஸ் குழாய் வழியாகவும், பிறகு பாலாடையிலும் கொடுப்பார். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். இந்திய மருத்துவமனைகளில் பாட்டிலுக்குப் பதிலாக இன்று அதையே பயன்படுத்துகிறார்கள்.

தாய் வரும்வரை அப்பாவும் மார்பு கொடுக்கலாம். சட்டையைத் திறந்து, கைகழுவி, சுத்தமாக உட்கார்ந்தால் போதும். பாட்டியும் செய்யலாம். வெட்கப்படும் அப்பாமார் உண்டு. அரைமணி நேரம் கழித்துக் குழந்தையைத் திருப்பிக் கேட்டால் கொடுக்க மனமில்லாதவர்களும் அவர்களே.

வீட்டுக்குப் போனபின்

மருத்துவமனையில் மட்டுமல்ல, வீட்டிலும் இந்த அணைப்பைத் தொடரவேண்டும். ஹரியானாவில் 8,402 எடை குறைந்த குழந்தைகளிடையே நடந்த ஆய்வில், வீட்டிலேயே தாய்மாருக்கு இதைக் கற்றுக்கொடுத்த குடும்பங்களில் குழந்தை மரணங்கள் குறைந்தன என்று 2019இல் தெரியவந்தது. முறை இதுதான்: குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், நாப்கின் மட்டும் போடுங்கள். தாய் ரவிக்கையைத் தளர்த்தி, குழந்தையை மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, தலையை ஒருபக்கம் திருப்பி, மூச்சு தடைபடாமல் வைத்து, சுத்தமான பழைய வேட்டி அல்லது புடவைத் துணியால் சேர்த்துக் கட்டவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருப்பது நல்லது. நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் மேலே கம்பளி வேண்டாம். மின்விசிறி நேராகக் குழந்தைமேல் அடிக்கவும் வேண்டாம்.

சூடு பார்க்கக் கருவி இல்லாவிட்டால் உங்கள் புறங்கையே போதும். வயிறும் பாதமும் இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது. உடனே மார்போடு சேருங்கள். இரண்டும் சில்லென்று இருந்தால் ஆபத்து. மார்பில் வைத்தபடியே மருத்துவமனைக்கு விரையுங்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கினாலும், மூச்சு நின்று நின்று வந்தாலும், உள்ளங்கால்வரை மஞ்சளானாலும் தாமதிக்கக்கூடாது. சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவவேண்டாம். குறைமாதக் குழந்தைக்கு அது தொற்றைக் கொண்டுவரும்.

உங்கள் உதவி எங்கே போகிறது?

இப்பொழுது நண்பர்கள் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். ஒரு சாய்வு நாற்காலி இருந்தால், ஆபரேஷன் ஆன தாய் இரண்டு மூன்று மணி நேரம் முதுகு வலியின்றி குழந்தையை அணைத்திருக்க முடிகிறது. வார்டின் அருகில் ஒரு கட்டில் இருந்தால், அவர் இரவிலும் பால் எடுத்துக் கொடுக்க முடிகிறது. மூன்று வேளைச் சாப்பாடும் குடிதண்ணீரும் கிடைத்தால் பால் வற்றுவதில்லை. பஸ் கட்டணம் கையில் இருந்தால் அப்பா வாரத்தில் மூன்று நாளாவது வந்து போகிறார். கூடுதலாக ஒரு நர்ஸ் இருந்தால், பயந்து நிற்கும் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாதீங்கம்மா, இப்படிப் பிடிங்க" என்று சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் கிடைக்கிறது. ஆக்ஸிஜனும் மருந்தும் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அவை கட்டாயம் வேண்டும். 2023இல் இந்திய மருத்துவர்கள் இருவர் 31 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மற்றெல்லாச் சிகிச்சையோடும் கங்காரு பராமரிப்பு சேரும்போது மரணங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகின்றன என்று கண்டார்கள். இத்தனை பலன் தரும் காரியத்துக்கு ஆகும் செலவு ஒரு நாற்காலியும் ஒரு கட்டிலும் ஒரு தட்டுச் சாப்பாடும்தான்.

பணம் அனுப்ப இயலாதவர்களும் உதவலாம். உங்கள் தெருவில் குறைமாதப் பிரசவமான வீடு இருந்தால், தாயைக் குழந்தையிடம் போக விடுங்கள் என்று அந்த வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். அவருடைய மூத்த பிள்ளையைச் சில நாட்கள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பருத்தித் துணிகளைத் துவைத்து, வெயிலில் உலர்த்திக் கொடுங்கள். அந்தத் தாய் குழந்தையின் அருகே கூடுதலாக உட்காரும் ஒவ்வொரு மணி நேரத்திலும் உங்களுக்கும் பங்கு உண்டு.

 எங்களையும், இக்குழந்தைகளையும், அவர்களுடைய தாய்மாரையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊழியர்கள்